மைதானத்திலே மந்திரிக்கு என்ன வேலை?

கிழக்குக் கரையிலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலை ஒட்டி அமைந்த முஸ்லிம் ஊர்களில், அசர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையேயுள்ள நேரம் உதைபந்தாட்டத்துக்கென்றே விதிக்கப்பட்டது போலும். மணலிலும் ஆடுவர், மைதானத்திலும் ஆடுவர். ஆடுவோர் இருபத்திருவர் என்றால் ஆட்டுவிப்போர் இருநூற்றுவர். எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் ஒவ்வொருவரும் தம்மளவில் ஒரு பயிற்றுவிப்பாளரே. யாரை இறக்கியிருக்க வேண்டும், யாரை வாங்கில் இருத்தியிருக்க வேண்டும் என்பதில் காக்காவுக்கும் தம்பிக்கும் இடையே எழும் வழக்கு, இராச்சாப்பாடு வரையில் ஓயாது. கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலே ஓர் இறுதியாட்டத்தைக் கண்டவர்கள், கழகப்பற்று என்பது குடும்பப்பற்றுக்கு ஓரிரு அங்குலமே குறைந்தது என்பதை நன்கறிவர்.

இத்துணை அன்பு ஒருங்கே திரண்டு நிற்கும் இடம் அரசியல்வாதியின் கண்ணுக்குத் தப்புமா? தேர்தல் நெருங்கினால் பந்தும் ஜேர்சியும் வந்து சேரும். கிண்ணத்துக்கு ஒரு பெயர் சூட்டப்படும். பரிசளிப்பு மேடையிலே வேட்பாளர் நடுநாயகமாக வீற்றிருப்பார். இதிலே பெரும் பிழை இருப்பதாக நாம் கருதவில்லை. யார் வாங்கித் தந்தாலும் பந்து உருளத்தானே செய்யும்! மேலும், கல்முனை அரசியல் அறியாத ஊரன்று. 1988ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலின்போது, இவ்வூரிலே வளர்ந்த சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரப் அவர்கள், பாராளுமன்றத்தில் இடம்பெற ஒரு கட்சி பெறவேண்டிய வெட்டுப்புள்ளியை நூற்றுக்கு 12.5 இலிருந்து 5 ஆகக் குறைக்கவேண்டுமென்று கேட்டுப் பெற்றதை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். கல்முனைப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த எச். எம். எம். ஹரீஸ், 2015ஆம் ஆண்டில் விளையாட்டுத்துறைப் பிரதியமைச்சராகவே பதவியேற்றார். ஆகவே, ஜனாதிபதி அரசியலும் விளையாட்டும் நமக்குத் தொலைவிலுள்ள சங்கதிகள் அல்ல.

நமது வினா வேறு. கிண்ணத்தைத் தரும் கை ஒருநாள் அணியைத் தெரிவதற்கும், பயிற்றுவிப்பாளரை மாற்றுவதற்கும் நீண்டால் என்ன ஆகும்? இதற்கு விடை காண விரும்புவோர் ஒருமுறை அமெரிக்கா வரையில் சென்று மீளுதல் நன்று. அந்நாட்டிலே கல்லூரி மாணவரின் ஆட்டமும் ஜனாதிபதிப் பதவியும் நூறாண்டுகளுக்கு மேலாகக் கைகோத்து நடந்து வருகின்றன.

அங்கே 'ஃபுட்போல்' என்பது நமது உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், எறிவதும், எதிரியைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவதுமான ஆட்டம் அது. நம் நாட்டு றக்பியின் உறவு என்று சொல்லலாம். ஆனால் வியப்பு ஆட்டத்திலன்று, கூட்டத்திலே உள்ளது. லூசியானா மாநிலச் சர்வகலாசாலையின் மைதானத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். கல்முனை மாநகரத்தின் மக்கள் தொகையும் ஏறத்தாழ ஒரு இலட்சமே. ஊர் முழுவதும், தொட்டிற் குழந்தை உட்பட, அந்த ஒரு மைதானத்தினுள் அடங்கிவிடும்! அத்தனை பேரும் கூடுவது மாணவர் ஆடும் ஆட்டத்தைக் காண்பதற்கு.

இந்த லூசியானாவிலே 1928 முதல் 1932 வரை ஆளுநராகவும், பின்னர் செனற்சபை உறுப்பினராகவும் இருந்தவர் ஹியூயி லோங் என்பவர். ஏழைகளின் தோழர் என்று சிலர் போற்றினர்; சர்வாதிகாரி என்று சிலர் தூற்றினர். இரண்டும் உண்மையே. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசப் புத்தகம் தந்தவர் அவர். தம்மை எதிர்த்தவர்களை வேரோடு பிடுங்கியவரும் அவரே. அவருடைய நோக்கம் 1936ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தல். அதற்கு அவர் ஏறிய படிகளுள் ஒன்று சர்வகலாசாலையின் உதைபந்தாட்ட அணி.

1934ஆம் ஆண்டில் அவர் செய்த காரியங்களைக் கேட்டால் சிரிப்பும் வரும், அச்சமும் வரும். நாஷ்வில் நகரில் நடைபெற்ற ஆட்டத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல எண்ணினார். ரயில் கட்டணம் தலைக்கு 19 டொலர். குறைக்கவேண்டும் என்றார், கம்பனியார் இசையவில்லை. மாநிலத்தினுள் உள்ள உங்கள் ரயில் பாலங்களின் மதிப்பை உயர்த்தி வரி விதிக்க நேரும் என்று இனிமையாக எடுத்துரைத்தார். கட்டணம் 6 டொலராயிற்று! அதுவுமில்லாத மாணவருக்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்தார். பிறிதொரு ஆட்டம் நடைபெறும் அதே இரவில் ஊருக்கு ஒரு பெரிய சர்க்கஸ் வருவதாயிருந்தது. கூட்டம் பிரிந்துவிடுமே என்று கவலையுற்றார். உண்ணி நோயைத் தடுக்க, மாநிலத்தினுள் வரும் விலங்குகளை மருந்து நீரில் முக்கி எடுக்கவேண்டும் என்றொரு சட்டம் இருந்தது. அதைச் சர்க்கஸ் முதலாளிக்கு நினைவூட்டினார். யானையையும் புலியையும் முக்கி எடுப்பது யாரால் இயலும்? சர்க்கஸ் அன்று நடைபெறவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால், விளையாட்டுப் பைத்தியம் பிடித்த ஒரு பெரியமனிதர் என்று நாமும் சிரித்துவிட்டு அப்பாற் செல்வோம். அவர் நிற்கவில்லை. அணியின் சிறந்த ஆட்டக்காரரான ஏப் மிக்கல் என்ற மாணவரை மாநிலச் செனற்சபைக்கு நியமித்துவிட்டதாக அறிவித்தார். லெபனானிலே பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அந்த வாலிபருக்கு அது பெருமையாக இருக்கவில்லை, கூச்சமாகவே இருந்தது. இந்தக் கூத்தைக் கண்டித்து மாணவர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் வந்தது. அதை அச்சிடவொட்டாமல் லோங் தடுத்தார். பத்திரிகைத்துறை மாணவர் சிலர் பணியாது நின்றனர்; எழுவர் சர்வகலாசாலையை விட்டு நீக்கப்பட்டனர். மாணவ நேயர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று கவனிப்பார்களாக. ஆட்டத்தின் மீதுள்ள அன்பு என்று தொடங்கிய ஒன்று, படித்துக்கொண்டிருந்த ஏழு பேரின் கல்வியில் வந்து முடிந்தது.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஒறிகன் சர்வகலாசாலை அணியோடு ஆட்டம். இடைவேளையில் லூசியானா 13-0 என்று பின்தங்கியிருந்தது. ஆட்டக்காரருக்கு நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று அணியின் அறையை நாடி வந்தார் லோங். வாயிலிலே நின்றவர் பயிற்றுவிப்பாளர் பிஃப் ஜோன்ஸ், இராணுவ அதிகாரி. உள்ளே விட முடியாது என்றார். சொற்கள் தடித்தன. வென்றாலும் தோற்றாலும் இன்றோடு நான் விலகுகிறேன் என்று அறிவித்துவிட்டு ஜோன்ஸ் உள்ளே சென்றார். லூசியானா 14-13 என்று வென்றது. வெற்றி பெற்ற கையோடு பயிற்றுவிப்பாளர் விலகினார். பின்னர் அவர் ஒக்லஹோமாவிலும் நெப்ராஸ்காவிலும் பயிற்றுவித்து, நெப்ராஸ்கா அணியைப் புகழ்பெற்ற 'றோஸ் போல்' ஆட்டத்துக்கு இட்டுச் சென்றார். லோங்கின் கதை வேறு. தாம் ஜனாதிபதியானால் செய்யப்போவனவற்றை ஒரு நூலாகவே எழுதி வைத்திருந்தார். 1935 செப்டெம்பரில் மாநிலத் தலைமைச் செயலகத்தினுள் சுடப்பட்டு, இரு நாட்களில் மாண்டார். நூல் அவர் இறந்த பின்னரே வெளிவந்தது.

இது பழங்கதை என்று எண்ணவேண்டா. அதே சர்வகலாசாலையில் 2025 ஒக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 49-25 என்று தோற்ற மறுநாளே பயிற்றுவிப்பாளர் பிரையன் கெலி நீக்கப்பட்டார். ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டிய தொகையோ 5 கோடி டொலருக்கும் மேல்! ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி வெகுண்டார். அந்த ஒப்பந்தத்துக்குப் பொறுப்பான சர்வகலாசாலை விளையாட்டுப் பணிப்பாளர் அடுத்த பயிற்றுவிப்பாளரைத் தெரிவதை விட, ஜனாதிபதி டொனால்ட் டிரம்பிடம் அந்தப் பொறுப்பை விடுவது மேல் என்று நிருபர்கள் முன்னிலையிலே சொன்னார். மறுநாள் அப்பணிப்பாளரும் பதவி இழந்தார். நவம்பர் முடிவில், மிசிசிப்பிச் சர்வகலாசாலையில் பயிற்றுவித்து வந்த லேன் கிஃபின் புதியவராக அறிவிக்கப்பட்டார். ஆளுநர் சொன்னது பகிடியாகவும் இருக்கலாம். ஆனால் பொதுமக்கள் பணத்தைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வி பகிடியன்று. கணக்குக் கேட்பது ஆள்வோரின் கடமை. ஆளைத் தெரிவது அவர்களுடைய தொழிலா என்பதே நம் ஐயம்.

ஜனாதிபதிகள் தாமே இறங்கிய கதைகளும் உண்டு. ரிச்சட் நிக்ஸன் தம் கல்லூரி அணியிலே பெரும்பாலும் வாங்கிலிருந்தே ஆட்டம் பார்த்தவர். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்வார் போல, 1969 டிசம்பர் 6ஆந் தேதி டெக்சாஸ்-ஆர்க்கன்ஸோ ஆட்டத்துக்கு நேரிற் சென்றார். டெக்சாஸ் 15-14 என்று வென்றதும், நாட்டின் முதலாவது அணி இதுவே என்று விருதுப் பலகையைத் தந்தார். தோல்வியே காணாத பென் ஸ்டேட் அணி அப்போது இருந்ததே! பென்சில்வேனியா மக்களின் சினம் வெள்ளை மாளிகையை எட்டியது. தென் மாநிலங்களின் வாக்குகளைத் தேடி நின்ற ஜனாதிபதிக்கு, அந்தப் பலகை வெறும் பலகையன்று என்பது நம் எண்ணம்.

ஆயினும், ஆள்வோரின் கை எப்போதும் தீங்கே செய்யும் என்று சாதித்தல் நேர்மையாகாது. 1905ஆம் ஆண்டில் இந்த ஆட்டம் மிகக் கொடியதாக இருந்தது. பத்துக்கும் மேற்பட்ட இளைஞர் அவ்வாண்டில் ஆட்டத்திலே உயிரிழந்தனர். ஆட்டத்தைத் தடைசெய்யவேண்டும் என்ற குரல் எழுந்தது. ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட், ஹாவாட், யேல், பிரின்ஸ்டன் சர்வகலாசாலைகளின் பிரதிநிதிகளை ஒக்டோபர் மாதத்தில் வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். எவரையும் நீக்கவில்லை, எவரையும் நியமிக்கவில்லை. பிள்ளைகள் சாகாமல் ஆட வழிசெய்யுங்கள் என்று வற்புறுத்தினார். அடுத்த ஆண்டில் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது; ஆட்டமும் பிழைத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கும் கல்லூரி ஆட்டத்துக்கும் ஆட்சிக்கும் பழைய உறவு உண்டு. நிறைவேற்று அதிகாரம் பெற்ற முதல் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனா, 1925ஆம் ஆண்டில் றோயல் கல்லூரியின் கிரிக்கெட் அணியில் பெரும்போட்டி ஆடியவர்; டட்லி சேனாநாயக்கா எதிர்த்தரப்பான சென் தோமஸ் கல்லூரியின் ஆட்டக்காரர். கொழும்புக் கல்லூரிகளின் அந்தப் பழம்பெருமையிலே கல்முனை ஸாஹிராவின் பிள்ளைக்குப் பங்கு குறைவு. ஆனால் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. நாட்டின் பெயரால் வெளிநாடு செல்லும் அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் ஒப்புதல் வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது அதுவே. ஹியூயி லோங் கேட்டுப் பெறாத உரிமை நம் மந்திரிக்குச் சட்டப்படியே உண்டு!

கிரிக்கெட்டுக்கு நேர்ந்தது ஊர் அறிந்த கதை. 2023 நவம்பரில், உலகக் கிண்ணத்தில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டதன் பின், அமைச்சர் நிர்வாக சபையைக் கலைத்தார். சர்வதேசச் சபை இலங்கையை இடைநிறுத்தியது. அம்மாத இறுதியில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அமைச்சரையே நீக்கினார். இலங்கையில் நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. பெரியவர்கள் சண்டையிட்டார்கள், சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பை இழந்தவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள்.

உதைபந்தாட்டத்துக்கு நேர்ந்ததை அத்தனை பேர் அறியார். அது அதே ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் நிர்வாகத் தேர்தலிலும் விதிகளிலும் வெளியார் கை புகுந்துவிட்டது என்று கூறி, 2023 ஜனவரி 21ஆந் தேதி முதல் இலங்கையைப் பீபா இடைநிறுத்தியது. ஏழு மாதங்கள் தடை நீடித்தது. அதற்கு இரண்டாண்டுக்குள் அமீர் அலாகிச் சென்று, ஸ்கொட்லாந்துக்காரரான அன்டி மொரிசன் பயிற்றுவிப்பாளராக வந்திருந்தார். ஆடுவதற்கு ஆட்டமே இல்லாத அணிக்கு எந்த வித்தகர்தான் எதைப் பயிற்றுவிப்பார்? 1995ஆம் ஆண்டில் கொழும்பிலே இந்தியாவை 1-0 என்று வென்று நாம் கைப்பற்றிய தெற்காசியக் கிண்ணம், 2023 ஜூன் மாதத்தில் பெங்களூரிலே நடைபெற்றது. குவைத்தும் லெபனானும் கூட விருந்தாளிகளாக அழைக்கப்பட்டு ஆடின. இலங்கை இல்லை.

ஓர் உதைபந்தாட்டக்காரனின் நல்ல காலம் பத்தாண்டு. அதிலே ஏழு மாதம் என்பது எத்துணைப் பெரிய துண்டு என்பதை, காலையிலே மணலில் ஓடிவிட்டுப் பிற்பகலில் வாப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ளும் எந்த இளைஞனைக் கேட்டாலும் சொல்வான்.

ஆகஸ்ட் இறுதியில் தடை நீங்கியது. ஒக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தின் முதற்சுற்றிலேயே யேமனிடம் தோற்று இலங்கை வெளியேறிற்று. 2024இல் பயிற்றுவிப்பாளர் மீண்டும் மாறினார். குவைத் நாட்டவரான அப்துல்லா அல்முதைரி வந்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிக்காகக் கம்போடியாவைச் சந்தித்தபோது, கொழும்பில் கோல் எதுவும் விழவில்லை. எதிரியின் ஊரில் 2-2. பெனால்டி உதைகளில் நம்மவர் நால்வர் குறி தவறவில்லை. 4-2 என்று இலங்கை அடுத்த சுற்றுக்குச் சென்றது.