பத்து லட்சம் டாலர் கார்

பழைய கார் என்றால் விலை குறைவு. ஆனால் எல்லாப் பழைய காரும் அப்படி இல்லை! 1971 இல் மெல்பர்னில் ஃபோர்டு நிறுவனம் ‘ஃபால்கன் ஜிடிஎச்ஓ ஃபேஸ் த்ரீ’ என்ற காரைச் செய்தது. மொத்தம் 300 கார்கள்தான். அந்த ஆண்டு பாதர்ஸ்ட் பந்தயத்தில் ஆலன் மொஃபாட் இந்தக் காரில்தான் ஜெயித்தார். 2018 இல் இதில் ஒன்று பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. அம்மாடியோ!

அதனால் சாதாரண ஃபால்கனுக்கு வேஷம் போட்டு விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? காரின் உடலிலும் எஞ்சினிலும் எண்கள் பொறித்திருக்கும். அவை பழைய பதிவுகளோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சினை மாற்றியிருந்தால் விலை குறையும்.

அடுத்தது துரு. துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி என்ற பசையால் அடைத்து, மேலே பளபளன்னு பெயின்ட் அடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பெயின்ட் கீறாமல் இருக்க, ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் ‘டக்’னு ஒட்டும். தடிப்பான பட்டி மேல் ஒட்டாது, கீழே விழும். அப்போது, “பெயின்ட் நல்லாத்தான் இருக்கு, உள்ளே தகட்டைக் காணோமே! விலையைக் குறைங்க” என்று கேட்கலாம்.

பணம் கொடுக்கும் முன், காரின் மேல் கடன் இருக்கிறதா என்று அரசுப் பதிவேட்டில் பாருங்கள். கட்டணம் 2 டாலர்தான். பார்க்காமல் வாங்கினால், கடன் கொடுத்தவர் வந்து காரை எடுத்துக்கொண்டு போனாலும் போகலாம்!