ஒரே மெஷின்... இரண்டு சம்பளம்!

பாடியிலிருந்து அம்பத்தூர் போகும் வழியில், தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கிறது மண்ணூர்பேட்டை. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியபின், ஐ.டி.ஐ. முடித்து லேத் பிடிக்க வந்தவர்கள் பலர். வேலை நிரந்தரமானதும் பி.எஃப்., போனஸ், புறநகரில் ஒரு மனை என்று நிமிர்ந்த குடும்பங்கள் ஏராளம்.

அந்த ஏணியில் இன்று படிகள் குறைந்துவிட்டன. மத்திய அரசின் 2022-23 தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் பத்துத் தொழிலாளர்களில் சுமார் நான்கு பேர் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்ப்பவர்கள். காலை ஷிஃப்ட்டில் ‘பெர்மனென்ட்’ நிற்கும் அதே மெஷினில், இரவு ஷிஃப்ட்டில் ‘கான்ட்ராக்ட்’ நிற்கிறார். வேலை ஒன்று, சம்பளம் வேறு.

இந்த வித்தியாசம் தொழிற்சாலை வாசலோடு நிற்பதில்லை. தொழிற்பேட்டைக்குள் ஐ.டி. வளாகங்களும் வந்தபின், வீட்டு வாடகையை நிர்ணயிப்பது பெரிய சம்பளம்தான். சின்னச் சம்பளக்காரரும் அதே தெருவில்தான் வீடு தேட வேண்டும். வாடகை போக மிச்சமில்லாத வீட்டில், ஒரு வாரக் காய்ச்சலே கடனாகிவிடுகிறது. கடன் கட்டுவதற்காகப் பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கிறது. பெண் பார்க்கப் போனால், “மாப்பிள்ளை பெர்மனென்ட்டா?” என்பதுதான் முதல் கேள்வி.

மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து (2021), பள்ளிகளில் காலை உணவு (2022), மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை (2023) ஆகியவை இந்த வீடுகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால், இவை செலவைத்தான் தாங்குகின்றன. சம்பள இடைவெளியைக் குறைப்பதில்லை.

அரசுத் துறைகளின் தற்காலிகப் பணியாளர்கள் தொடர்பான வழக்கில், ‘ஒரே வேலைக்கு ஒரே ஊதியம்’ என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் தொழிற்கூடங்களிலும் அந்த நியாயம் நடைமுறைக்கு வர வேண்டும்.

அதுவரை, கையில் இருக்கும் உரிமையையாவது விடாதீர்கள். கான்ட்ராக்ட் என்பதற்காக பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாமல் போய்விடாது. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவிகிதம், முதலாளி கட்டுவது 3.25 சதவிகிதம். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிடித்த பணம் உங்கள் பெயரில் கட்டப்பட்டிருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். அது சரியாக இருந்தால், குடும்பத்தில் யாருக்காவது உடம்பு முடியாதபோது கந்துவட்டிக்காரரைத் தேட வேண்டாம், அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம்!