இருக்கிற வெளிச்சத்தைப் பங்கிடும் பெட்டி

4கே டிஸ்க்கில் வரும் எச்டிஆர் படத்தை வீட்டுப் புரொஜெக்டரில் முதன்முதலாகப் போட்டுப் பார்ப்பவர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். பழைய ப்ளூரேயே இதைவிடப் பளிச்சென்று இருந்ததே என்பார்கள். புரொஜெக்டரைக் குறை சொல்ல முடியாது. படம் கேட்கும் வெளிச்சம் அதனிடம் கிடையாது, அவ்வளவுதான்.

திரையின் பொலிவை நிட் என்ற அலகால் அளக்கிறோம். எச்டிஆர் படங்களுக்காக டால்பி உருவாக்கி, 2014இல் தரநிலையான பிகியூ முறையில், ஒவ்வொரு புள்ளியும் எத்தனை நிட் ஒளிர வேண்டும் என்பது நேரடியாகவே குறிக்கப்படுகிறது. உச்ச அளவு 10,000. படங்களைப் பெரும்பாலும் 1000 அல்லது 4000 நிட் உச்சத்தை வைத்தே ஸ்டுடியோவில் தயாரிக்கிறார்கள். ஆனால் 1500 லுமென் புரொஜெக்டர், 120 அங்குல வெள்ளைத் திரையில் தருவது ஏறத்தாழ 120 நிட்தான்.

ஒரு பகல் காட்சி. நடிகரின் முகம் சில பத்து நிட். பின்னால் வெயில் பட்டு மின்னும் கார் கண்ணாடி 1000 நிட். கண்ணாடிக்கு இடம் கொடுக்க மொத்தப் படத்தையும் அமுக்கினால் முகம் சாம்பல் பூத்துவிடும். முகத்தைக் காப்பாற்றினால் கண்ணாடி விவரமற்ற வெள்ளைத் திட்டாகிவிடும். எச்டிஆர்10 முறையில் படம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு உச்ச அளவுதான் தகவலாக வருகிறது. அதை நம்பும் சாதாரண புரொஜெக்டர், இருட்டுக் குகைக் காட்சியையும் அந்தக் கண்ணாடிக்காகவே அமுக்குகிறது.

இங்கேதான் வீடியோ பிராசஸர் உதவிக்கு வருகிறது. லுமாஜென் ரேடியன்ஸ் புரோ, மேட்விஆர் என்வி போன்ற பெட்டிகள் பிளேயருக்கும் புரொஜெக்டருக்கும் நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு பிரேமையும் அளக்கின்றன. பிரேமின் உச்சமே 100 நிட் என்றால் அமுக்க வேண்டியதில்லை, அப்படியே விடலாம். 1000 என்றால், முகமும் சுவரும் இருக்கும் கீழ்ப்பகுதியைத் தொடாமல் உச்சியை மட்டும் வளைத்து மடக்கலாம். இதற்கு டைனமிக் டோன் மேப்பிங் என்று பெயர். கடினமான இடம், ஒரே ஷாட்டுக்குள் வெளிச்சம் மாறுவது. பிரேமுக்குப் பிரேம் கணக்கை மாற்றினால் படம் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும். அதனால் ஷாட் எங்கே வெட்டப்படுகிறது என்று கண்டுபிடித்து அங்கே சட்டென்றும், நடுவில் மெதுவாகவும் மாற்ற வேண்டும். பெட்டியின் தரம் இந்த இடத்தில்தான் தெரியும்.

இன்னொரு வழி, நம் கண்ணின் இயல்பைப் பயன்படுத்துவது. ஒரே சாம்பல் நிறக் காகிதத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்பு அட்டையிலும் மற்றதை வெள்ளை அட்டையிலும் வைத்துப் பாருங்கள். கறுப்பின் மேல் இருப்பதே வெளிறித் தெரியும். கண் பொலிவை அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டே பார்க்கிறது. டார்பி போன்ற கருவிகள், ஒரு புள்ளிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுகின்றன. சட்டை மடிப்பும் மரப்பட்டையும் துருத்திக்கொண்டு தெரியும். அளவோடு வைத்தால் அழகு. ரிமோட்டில் ஏற்றிக்கொண்டே போனால் தலைமுடியைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டும், பிலிம் குருணை மணல்போல் கொதிக்கும். முகத்தைப் பார்த்தே அளவை நிறுத்துங்கள். நிலக்காட்சி எவ்வளவு ஏற்றினாலும் தாங்கி, நம்மை ஏமாற்றிவிடும்.

எந்தப் பெட்டியாலும் புரொஜெக்டர் தரும் கறுப்பை இன்னும் கறுப்பாக்க முடியாது. லென்ஸிலிருந்து கசியும் ஒளி கசியத்தான் செய்யும். வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் திரையின் வெளிச்சத்தை வாங்கித் திரும்பத் திரையிலேயே கொட்டுகின்றன. ஆகவே திரையை ஒட்டிய சுவருக்கும் கூரைக்கும் பளபளப்பில்லாத கரும் பெயின்ட் அடிப்பதுதான் முதல் செலவு என்பேன். அடுத்தது செலவே இல்லாதது. வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235 என்ற எண்களில் வரும். கம்ப்யூட்டர் வழக்கில் 0, 255. பிளேயர் முதல் வகையில் அனுப்ப, புரொஜெக்டர் இரண்டாம் வகை என்று எடுத்துக்கொண்டால் கறுப்பெல்லாம் புகை மூட்டமாகும். தலைகீழானால் இருட்டில் நிற்பவரின் கோட்டு பின்னணியோடு ஒட்டிப்போகும். பிளேயர், ரிசீவர், புரொஜெக்டர் மூன்றின் மெனுவிலும் இந்த ரேஞ்ச் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பிராசஸர் வாங்கலாமா என்று யோசியுங்கள்.