ஒரே வாசல் உள்ள கடல்

2022-ல் நம் வீட்டுச் சமையலறையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் விலை திடீரென்று எகிறியது ஞாபகமிருக்கிறதா? கேட்டதற்கு, "உக்ரைன்ல சண்டை சார்" என்றார் மளிகைக்கடை அண்ணாச்சி. அது பாதி காரணம். மீதிப் பாதி, இஸ்தான்புல் நகரத்தைக் கிழித்துக்கொண்டு போகும் ஒரு ஒல்லியான நீர்ச்சந்தும், அதற்கு அப்பால் இருக்கிற கருங்கடலும்.

அட்லஸை எடுத்துப் பாருங்கள். துருக்கி, பல்கேரியா, ருமேனியா, உக்ரைன், ரஷ்யா, ஜார்ஜியா என்று ஆறு நாடுகள் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி சுற்றி வளைத்திருக்க, நடுவே ஒரு கடல். பரப்பு சுமார் 4,36,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆழம் சில இடங்களில் 2,200 மீட்டர். இத்தனை பெரிய பங்களாவுக்கு வெளி வாசல் ஒன்றே ஒன்றுதான்: பாஸ்பரஸ் ஜலசந்தி. நீளம் 30 கிலோமீட்டர் சொச்சம். ரொம்பக் குறுகலான இடத்தில் அகலம் வெறும் 700 மீட்டர். காலை வாக்கிங்கில் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

நான் அந்த வாசல் வழியாகத்தான் போய்ப் பார்த்தேன். இஸ்தான்புல்லில் எமினோனு படகுத்துறையில் ஏறினால், இடப்பக்கம் ஐரோப்பா, வலப்பக்கம் ஆசியா. ஒரே டிக்கெட்! கடைசி நிறுத்தத்தில் இறங்கி, மூச்சு வாங்க மேலே ஏறினால் யோரோஸ் என்ற இடிந்த கோட்டை. அங்கிருந்து பார்த்தால் ஜலசந்தி முடிந்து கருங்கடல் ஆரம்பிக்கிற இடம் தெரியும். கறுப்பா? இல்லவே இல்லை. சுத்தமான நீலம்.

பழைய கிரேக்கர்கள் இதற்கு முதலில் வைத்த பெயரின் அர்த்தம், 'விருந்தாளியை வரவேற்காத கடல்'. புயலும் மூடுபனியும் அப்படிப் படுத்தியிருக்கின்றன. பிறகு, கடலுக்குக் கோபம் வந்துவிடப் போகிறதே என்று 'வரவேற்கும் கடல்' என்று மாற்றிவிட்டார்கள். நாம் விளக்கை அணை என்று சொல்லாமல் 'குளிர வை' என்கிறோமே, அந்த மங்கல வழக்குதான்.

கடலுக்கு அடியில் நடக்கிற கணக்குதான் பி.காம். படித்த எனக்கு ரொம்பப் பிடித்தது. டான்யூப், நீப்பர், நீஸ்டர் என்று பெரிய பெரிய ஆறுகள் நல்ல தண்ணீரை வரவு வைக்கின்றன. ஆவியாகிற செலவு போக மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சம் பாஸ்பரஸின் மேல்மட்டமாக வெளியே ஓடுகிறது. அதே சமயம், கீழ்மட்டத்தில் மத்தியதரைக் கடலின் கனமான உப்புத் தண்ணீர் எதிர்த்திசையில் உள்ளே வருகிறது. ஒரே சந்தில் அப்-டவுன் ட்ராஃபிக்! மார்சிலி என்ற இத்தாலியர் கயிறும் எடையும் வைத்தே இதை நிரூபித்து 1681-ல் புத்தகம் போட்டுவிட்டார்.

விளைவு கொஞ்சம் பயங்கரம். லேசான தண்ணீர் மேலே, கனமான தண்ணீர் கீழே. இரண்டும் கலப்பதே இல்லை. அதனால் மேலிருந்து ஆக்ஸிஜன் கீழே போவதில்லை. சுமார் 150, 200 மீட்டருக்குக் கீழே அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். மீன் கிடையாது, நண்டு கிடையாது. கடலின் கொள்ளளவில் ஏறக்குறைய 90 சதவிகிதம் இப்படி.

ஆனால் மரத்தை அரிக்கிற புழுவும் அங்கே கிடையாதே! 2018-ல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். பல்கேரியக் கரைக்கு அப்பால், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், கிரேக்கர்களின் வணிகக் கப்பல் ஒன்று. நீளம் 23 மீட்டர். வயசு சுமார் 2,400. பாய்மரம், சுக்கான், துடுப்புப் போடுகிறவர்கள் உட்காரும் பலகை எல்லாம் அப்படியே இருக்கின்றன. என் மொட்டைமாடிக் கொடிக்கம்பம் மூன்று மழைக்குத் தாங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மீன்கள் வாழ மேலே உள்ள மெல்லிய மாடி மட்டும்தான். அங்கேயும் 1980-களில் ஒரு அழையா விருந்தாளி வந்தது. அமெரிக்கப் பக்கத்திலிருந்து, கப்பல்கள் எடைக்காக நிரப்பிவரும் தண்ணீரில் ஒளிந்து வந்த ஒரு கண்ணாடி ஜெல்லி. நெத்திலியின் முட்டையையும் குஞ்சையும் அதன் தீனியையும் சேர்த்தே விழுங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மீன்பிடித்தொழில் படுத்துவிட்டது. கடைசியில் காப்பாற்றியது யார்? 1997-ல், முதல் ஜெல்லியையே சாப்பிடுகிற இன்னொரு ஜெல்லி வந்து சேர்ந்தது. நம்ம ஊர் சினிமாவில் வைத்தால் லாஜிக் இல்லை என்போம்.

ஒரே வாசல் என்றால் சாவி யாரிடம் என்ற சண்டை வராமல் இருக்குமா? 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போர் இங்கேதான். கைவிளக்கு ஏந்திய காரிகை நைட்டிங்கேல் காயம்பட்டவர்களைக் கவனித்தது பாஸ்பரஸ் கரையில். 1936-ல் மாந்த்ரோ ஒப்பந்தப்படி சாவி துருக்கியிடம் வந்தது. சமாதான காலத்தில் சரக்குக் கப்பல்கள் தாராளமாகப் போகலாம், போர்க்கப்பல்களுக்குக் கட்டுப்பாடு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், துருக்கி போர்க்கப்பல்களுக்கு வாசலைச் சாத்தியது.

அப்போது இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனுடையது. துறைமுகங்கள் முடங்கின. கண்ணிவெடிகள் அறுத்துக்கொண்டு மிதந்தன. மார்ச் மாதம் ஒன்று பாஸ்பரஸ் வாயிலருகே வரைக்கும் வந்து, துருக்கிக் கடற்படை செயலிழக்க வைத்தது. ஜூலையில் ஐ.நா.வும் துருக்கியும் பேசி ஒரு தானிய ஒப்பந்தம் போட்டார்கள். சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் சரக்கு வெளியே வந்தது. ஒரு வருஷத்தில் ரஷ்யா கையை உதறிவிட்டது. சண்டை போட்டவர்களுக்கு அது கணக்கு. ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டராகக் குறைத்த வீடுகளுக்கு அது வயிறு.

ஒடெஸாவின் 192 படிக்கட்டு, 1945-ல் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் கூடிப் பேசிய யால்டா அரண்மனை இரண்டையும் இப்போதைக்குப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். லீவு போட்டுப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு, துருக்கியின் கிழக்குக் கரை. ட்ராப்ஸான் பக்கம் மலைச்சுவரில் ஒட்டவைத்தது போல சுமேலா மடாலயம். ரீஸே ஊரில் ஊட்டி மாதிரி தேயிலைச் சரிவுகள். டீ சின்னக் கண்ணாடிக் கிளாஸில் வரும், பால் கிடையாது. கேட்டாலும் ஜாக்கிரதை. துருக்கி மொழியில் 'பால்' என்றால் தேன்! அதிலும் 'டெலி பால்' என்று ஒன்று உண்டு, பைத்தியத் தேன். மலையில் பூக்கும் ரோடோடெண்ட்ரான் பூவிலிருந்து வருவது. 2,400 வருஷத்துக்கு முன் அந்த வழியாக ஊர் திரும்பிய கிரேக்கச் சிப்பாய்கள் இதை வழித்துச் சாப்பிட்டு, வாந்தியும் தள்ளாட்டமுமாகக் குப்புற விழுந்து, எழுந்திருக்க மூன்று நாலு நாள் ஆனதாகக் கூடவே போன ஸெனபன் எழுதி வைத்திருக்கிறார்.