இழை தாங்கியது, கோழி உடைத்தது

புதிய பொருளொன்றின் வலிமையை அளப்பது பெரிய வித்தையல்ல. இழுத்துப் பார்த்தால் எண் கிடைத்துவிடும். அது எப்படி உடையும் என்பதை அந்த எண் சொல்லாது. பொறியாளருக்கு வேண்டியதோ அதுதான். 1960களின் இறுதியில் லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்துக்காக ஆர்பி211 எஞ்சினை உருவாக்கிய ரோல்ஸ்-ராய்ஸ், முன்விசிறி பிளேடுகளை 'ஹைஃபில்' என்ற கார்பன் இழைக் கலவையில் செய்யத் துணிந்தது. பிளேடின் எடை குறைந்தால் அதைத் தாங்கும் வட்டு முதல் வெளிக்கூடு வரை எல்லாமே இலேசாகும். கணக்கில் பிசகில்லை. பறவை மோதல் சோதனைதான் காலை வாரியது. சுழலும் விசிறிக்குள் காற்றுப் பீரங்கியால் இறந்த கோழியைச் சுட்டபோது பிளேடுகள் சிதறின. இழையின் நீளவாக்கில் அசாத்திய வலிமை கொண்ட அந்தக் கலவை, விறகு கோடரிக்குப் பிளப்பதுபோல, பக்கவாட்டு அடியில் அடுக்கடுக்காகப் பிரிந்தது. டைட்டானியமோ அதே அடியை வளைந்து வாங்கிக்கொள்ளும். நல்லவேளை, டைட்டானிய பிளேடையும் மாற்று ஏற்பாடாக வைத்திருந்தார்கள், எஞ்சின் தப்பியது. நிறுவனம் தப்பவில்லை, 1971 பிப்ரவரியில் திவாலானது. பழியை முழுவதும் பிளேடின் தலையில் கட்டுவது நியாயமல்ல. நிர்ணய விலை ஒப்பந்தமும் எகிறிய செலவும் சேர்ந்தே கவிழ்த்தன.

அப்படியானால் கார்பன் இழை விசிறிக்கு ஆகாதா? 1995இல் போயிங் 777இல் பறக்கத் தொடங்கிய ஜிஇ90 எஞ்சினின் விசிறி பிளேடுகள் கார்பன் இழைக் கலவைதான்; அடிபடும் முன்விளிம்பில் மட்டும் டைட்டானிய உறை. உடையும் விதம் தெரிந்த பிறகு, அதற்கேற்ப வடிவம் மாறியது. இப்போதுதான் கணினி இருக்கிறதே, எதற்குக் கோழியும் பீரங்கியும் என்று கேட்பவர்கள் உண்டு. செலவைப் பார்த்தால் கேள்வி நியாயமானதே. ஒரு சோதனையில் எஞ்சினே பாழாகலாம். வடிவங்களைச் சலித்தெடுக்கக் கணினி பெரிதும் உதவுகிறது. ஆனால் அடுக்குகள் எந்த அடியில் பிரியும் என்ற தகவலை அதற்கு ஊட்டுவதே உடைத்துப் பார்த்த மாதிரிகள்தாம். யாரும் எதிர்பாராத முறிவு அதன் சமன்பாடுகளில் இருக்காது. பழகிய உலோகத்துக்குப் பல பத்தாண்டு அனுபவம் துணை நிற்கிறது. நேற்று வந்த கலவைக்கு அது இல்லை. எனவே சோதனையைக் குறைப்பதானால் பழைய பொருளில் குறைக்கலாம், புதியதில் கூடாது. செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிடக் கூடாது.