ஜொன்னலகட்டா குர்ரப்பா செட்டி

ஜொன்னலகட்டா குர்ரப்பா செட்டி (பிறப்பு: 1937) ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாளஹஸ்தியைச் சேர்ந்த கலம்காரித் துணி ஓவியர். அழியும் நிலையிலிருந்த இக்கலையைத் தன் தந்தையிடம் கற்று, அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தவர். 2008-இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பின்னணி

ஸ்ரீகாளஹஸ்தி, திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டிக்கு வடமேற்கே, சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள கோயில் நகரம். மொழிவழி மாநிலங்கள் பிரியும் முன் இவ்வூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. இராமாயண, மகாபாரதக் கதைகளைத் துணியில் தீட்டிக் கோயில்களில் தொங்கவிடும் வழக்கம் இங்கு இருந்தது. பாரசீக மொழியில் 'கலம்' என்றால் எழுதுகோல், 'காரி' என்றால் வேலை. மசூலிப்பட்டினத்துக் கலம்காரி பெரும்பாலும் மர அச்சுகளால் பதிக்கப்படுகிறது. காளஹஸ்தியில் முழுவதும் கையால் வரைகிறார்கள்.

ஆலைத் துணியும் மலிவான அச்சுத் துணியும் பரவிய பின், கோயில்களின் ஆதரவு குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வேலை தெரிந்தவர்கள் மிகச் சிலரே எஞ்சினர். குர்ரப்பா செட்டியின் தந்தை ஜொன்னலகட்டா லட்சுமய்யா அவர்களில் ஒருவர்.

பயிற்சி மையம்

அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைவராக இருந்த கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால், 1950-களின் பிற்பகுதியில் காளஹஸ்தியில் கலம்காரிப் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. லட்சுமய்யா அதில் ஆசிரியரானார். அதுவரை குடும்பங்களுக்குள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற தொழில், அதன் பிறகு வெளியிலிருந்து வந்த இளைஞர்களுக்கும் கிடைத்தது. சாய ரகசியத்தைப் பிறருக்குச் சொன்னால் போட்டி பெருகும். சொல்லாவிட்டால் கலையே இல்லாமல் போகும். மையம் இரண்டாவது ஆபத்தைத் தவிர்த்தது.

பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றிய குர்ரப்பா செட்டி, தந்தையின் வழியில் ஓவியராகவும் பயிற்றுநராகவும் ஆனார். செவிவழியாக மட்டும் இருந்த கதை மரபையும் செய்முறையையும் நூல்களாக எழுதினார். அவரது மகன் நிரஞ்சனும் கலம்காரி ஓவியரே.

மாணவர் கற்பவை

கலம்காரி கற்பவர் ஓவியத்துடன் வேதியியலையும் கற்கிறார். வேலை பல கட்டங்களாக நடக்கிறது.

1. கஞ்சி நீக்கிய காடாத் துணியைக் கடுக்காய்த் தூள் கலந்த பாலில் நனைத்து வெயிலில் உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்.

2. புளியங்குச்சியைச் சுட்ட கரியால் முதல் கோடுகளை இடுவார்கள்.

3. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு மை தயாரிப்பார்கள். கூராகச் சீவிய மூங்கில் குச்சியில் கம்பளி சுற்றி, அதை மையில் தோய்த்து வரைவார்கள். சுற்றிய கம்பளியை விரலால் அழுத்தினால் மை இறங்கும். துணியில் உள்ள கடுக்காயோடு இரும்பு சேரும்போது கோடு கறுப்பாகிறது.

4. சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசல் தடவி, ஓடும் ஆற்று நீரில் அலசி, வேர்ச் சாயத்தில் கொதிக்கவிடுவார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டுமே சிவக்கும்.

5. மஞ்சள், நீலம் ஆகியவற்றைப் பின்னர் தீட்டுவார்கள். மஞ்சளின் மேல் அவுரி நீலம் பட்டால் பச்சை.

கரிக்கோட்டைத் தட்டிவிடலாம்; இரும்பு மையை அழிக்க முடியாது. ஆகவே மாணவர் கோலைத் துணியில் வைக்கும் முன்பே முகம், கை, ஆபரணம் ஆகியவற்றின் அளவுகளைத் திரும்பத் திரும்ப வரைந்து பழக வேண்டும். படிகாரம் தடவும்போதும் நிறம் கண்ணுக்குத் தெரியாது. கொதித்த பிறகே தவறு வெளிப்படும். பொறுமை இங்கு அறிவுரை அன்று, வேலையின் நிபந்தனை.

சவால்கள்

மையம் உருவாக்கிய பரம்பரையால் காளஹஸ்தியில் ஓவியர்கள் பெருகினர். இராமாயணத்துடன் கிறித்தவக் கதைகளும் வாழ்வு மரமும் சேலைகளில் இடம்பெற்றன. ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கையால் பல வாரம் எடுக்கும் வடிவத்தைத் திரை அச்சு சில மணி நேரத்தில் நகலெடுக்கிறது. கடையில் இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் உருவங்கள் அச்சின் அடையாளம். கைவேலையில் கோட்டின் தடிமன் மாறும். சில துணிகளில் பாலின் மணமும் இருக்கும். அந்த வேறுபாட்டை வாங்குபவர் அறியாவிட்டால், பல வாரம் உழைத்தவருக்கு உரிய கூலி கிடைக்காது.

தமிழ்நாட்டிலும் இதே நிலை. தஞ்சை வட்டாரத்தின் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களில் தேர் அலங்காரத் துணிகளை வரையும் குடும்பங்கள் சிலவே எஞ்சியுள்ளன. கருப்பூர்க் கலம்காரி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். கையைப் பழக்க ஆசிரியர் வேண்டும். லட்சுமய்யாவும் குர்ரப்பா செட்டியும் கலம்காரி வரலாற்றில் இடம்பெறுவது தங்கள் ஓவியங்களால் மட்டுமல்ல, பழக்கிய கைகளாலும்தான்.