மென்பொருளும் உரிமத் தெரிவும்

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவு முதலாய இலங்கைக் கரையூர்களைச் சூறையாடிற்று. எஞ்சியோர் யாவர், எம்முகாமில் உளர் என்பதே உயிர்தப்பியோர் யாவரும் வினாவிய வினா. அதற்கு விடைகாணும் பொருட்டுத் தன்னார்வலராகிய கணினி வல்லுநர் ஒன்றுகூடிச் 'சகானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். துயர்தணிப்பு எனப் பொருள்படும் சிங்களச் சொல் அது. காணாமற்போனோர் பதிவேடும் முகாம்களின் விவரமும் வேண்டப்படும் உதவிகளும் அதன்கண் அடங்கின.

ஆக்கிய நிரலைப் பிறர்க்கு வழங்குவது எங்ஙனம்? இணையத்தில் வாளா இட்டுவைத்தல் அமையாதோ எனின், அமையாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கணினி நிரலையும் நூலைப்போலவே காக்கின்றது. எழுதியோன் இசைவின்றி அதனைப் படியெடுக்கவோ மாற்றி வழங்கவோ பிறர்க்கு உரிமையில்லை. அவ்விசைவை முன்னரே எழுதிவைப்பதே திறமூல உரிமம்.

உரிமங்கள் பலவாயினும், பெற்றோன்மீது சுமத்தும் கடமையின் அளவே அவற்றை வேறுபடுத்துவது. றிச்சட் ஸ்ரோல்மன் 1989 இல் வெளியிட்ட ஜி.பி.எல். உரிமம், நிரலை மாற்றி வழங்குவோன் தன் மூலநிரலையும் அதே உரிமத்தின்கீழ் வழங்கவேண்டும் என்கின்றது. பிற மென்பொருள்கள் எடுத்தாளுதற்கென ஆக்கப்படும் நிரற்றொகுதியை 'நூலகம்' என்பர். நூலகமொன்று இவ்வுரிமம் பூண்டால், அதனை இணைத்து வழங்கப்படும் மென்பொருள் முழுவதும் இக்கடமைக்குட்படும் என்பது ஸ்ரோல்மன் வழிநிற்போர் கொள்கை. இதற்கஞ்சி அத்தகைய நூலகத்தைத் தொடாத நிறுவனங்கள் பல. ஆதலின் 1991 இல் நூலகங்கட்கெனவே எல்.ஜி.பி.எல். தோன்றிற்று. இரணைமடுக் குளத்து நீரைப் பெற்றவன் தன் வயலில் விளைந்த நெல்லைப் பொதுவாக்க வேண்டுவதில்லை. குளத்து மதகைத் திருத்தினானாயின் அத்திருத்தம் எல்லார்க்கும் உரியது. இவ்வுரிமத்தின் இயல்பும் ஏறக்குறைய அத்தகையதே. ஆயினும் 1999 இல் ஸ்ரோல்மன் தரப்பினர், உரிமத்தின் பெயரிலிருந்த 'நூலகம்' என்னுஞ் சொல்லை நீக்கிக் 'குறைந்த' என்னும் பொருளுடைய சொல்லைப் பெய்தனர். தாம் ஈன்ற பிள்ளைக்குத் தாமே இட்ட குறைப்பெயர்!

எம்.ஐ.ரி. உரிமமோ ஆக்கியோன் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருத்தலொன்றையே வேண்டுகின்றது. 2004 இல் வந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, காப்புரிமை பற்றிய இசைவையும் வெளிப்படையாகத் தருகின்றது.

சகானா முதலில் எல்.ஜி.பி.எல். உரிமமே பூண்டது. 2005 இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 இற் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. பின்னர்ப் பைதன் மொழியிற் புதிதாக எழுதப்பட்ட 'சகானா ஈடன்' எம்.ஐ.ரி. உரிமத்தை ஏற்று, 2010 இல் ஹெயிற்றி நாட்டுத் துயர்தணிப்புப் பணிக்கு உதவிற்று. துயர்க்காலத்தில் எவரும் தயக்கமின்றி எடுத்தாளுதற்கு இத்தளர்ந்த உரிமமே ஏற்றதெனலாம். எடுத்தோன் தன் திருத்தத்தை மறைத்துக்கொள்ள இடமுண்டு என்பது அதற்கு இறுக்கும் விலை.

ஈண்டு ஒன்று மயங்கற்பாலதன்று. உரிமம் நிரலைப் பற்றியதேயன்றி, அதனுட் பதியப்படும் தரவைப் பற்றியதன்று. நிரல் பொதுவாயினமையின் காணாமற்போனோர் பெயர்ப்பட்டியும் பொதுவாகிவிடாது.

உரிமத்தைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ளுதல் நன்று. ஒருவனே எழுதிய நிரலாயின் பின்னர் மாற்றுதல் எளிது. பலர் கைபட்டபின், தத்தம் பங்கின் உரிமையை அவரவரே வைத்திருப்பின், ஒவ்வொருவரையும் தேடியடைந்து இசைவு பெறல்வேண்டும். இசையாதான் எழுதிய பகுதியைக் களைந்து மீள எழுதவேண்டும்.